முப்பத்தொன்று புள்ளி இரண்டு

குமரகுரு எங்கள் அலுவலகத்துக்கு வந்த முதல் வாரத்தில் செய்த ஒரே வேலை, சுவரில் வெள்ளைப் பலகை ஒன்று மாட்டியது. அதையும் அவர் மாட்டவில்லை, ஆள் வைத்து மாட்டினார். பிறகு அதில் நான்கு கட்டங்கள் வரைந்து, நடுவே அம்புக்குறிகள் போட்டு, மேலே "ஸ்கேலபிள்" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அந்தக் கட்டங்கள் மாதக்கணக்கில் அழியாமல் இருந்தன. அவை எதைக் குறிக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

பெங்களூரில் ஏழு வருடம் சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்டாக இருந்தவர், இனி டெக்னிக்கல் ஹெட் இவர்தான் என்று முதலாளி சண்முகவேல் அறிமுகப்படுத்தினார். தன் மனைவியின் தம்பி என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார். அதை வாட்ச்மேன் சொன்னார்.

என் பெயர் கோகிலவாணி. நாமக்கல் திருச்சி ரோட்டில், டயர்க் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கோழிப்பண்ணைகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறோம். பழைய பண்ணைகள் காற்றாடத் திறந்து கிடக்கும். இப்போது வருபவை மூடிய ஷெட்டுகள். நாலு பக்கமும் அடைத்த நீளக் கொட்டகை. ஒரு முனையில் ஆளுயர ஃபேன்கள் காற்றை வெளியே இழுக்கும், மறுமுனையில் தண்ணீர் வழியும் அட்டைச் சுவர் வழியாகக் காற்று குளிர்ந்து உள்ளே வரும். உள்ளே முப்பதாயிரம் முட்டைக் கோழிகள். எத்தனை ஃபேன் ஓட வேண்டும், எப்போது தண்ணீர் மோட்டார் போட வேண்டும் என்று முடிவு செய்வது சுவரில் மாட்டிய எங்கள் பெட்டி. அதற்குள் உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது நான் பைத்தானில் எழுதிய நிரல்.

அந்த நிரலில் பதினோரு வேலைகள். வெப்பம் படிப்பது, ஃபேன்களை ஓட்டுவது, மோட்டாரைப் போட்டு நிறுத்துவது, திரையில் எண்களைக் காட்டுவது, வெப்பம் எல்லை தாண்டினால் பண்ணைக்காரரின் போனுக்கு அழைப்பது, இப்படி. ஒவ்வொன்றும் ஒரு கோரூட்டின். பதினொன்றையும் ஓட்டுவது ஒரே ஈவென்ட் லூப். லூப் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் பார்க்கும். ஆனால் இந்த வேலைகளில் முக்கால்வாசி காத்திருப்பதுதான். சென்சார் பதில் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும், ஐந்து விநாடி கழியும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்க வேண்டிய இடம் வந்ததும் கோரூட்டின் "அவெய்ட்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். லூப் அடுத்ததைக் கவனிக்கப் போகும். காத்திருந்தது வந்து சேர்ந்ததும் ஒதுங்கியது விட்ட இடத்திலிருந்து தொடரும். நிபந்தனை ஒன்றுதான். காத்திருக்கும்போது ஒதுங்க வேண்டும். ஒன்று ஒதுங்காமல் நின்றுகொண்டால் மற்ற பத்தும் நிற்கும். யாரையும் பிடித்துத் தள்ள லூப்புக்குத் தெரியாது.

நாற்பது பண்ணைகளில் இரண்டு வருடமாக அது ஒரு நாளும் நின்றதில்லை. அதைப் பற்றி எனக்கு இருந்தது பெருமை என்று சொன்னால் குறைத்துச் சொல்வதாக இருக்கும்.

ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் குமரகுரு தொண்டையைச் செருமினார்.

"கோகிலா, ஒரு சின்ன தாட். சூடு ஏறுனா ஓனருக்குப் போன் போடுதே, அந்த அலாரம். அதுவும் இந்த லூப்லதான் ஓடுதா?"

"ஆமாங்க சார்."

"அத மட்டும் தனி த்ரெட்ல போட்டா என்ன? பெட்டர் பெர்ஃபார்மன்ஸ் கெடைக்குமில்ல?"

த்ரெட் என்பது லூப்பைச் சாராமல் தனித்து ஓடும் ஒரு தடம். பெர்ஃபார்மன்ஸ்! ஆறு மாதத்துக்கு ஒரு முறை அடிக்கிற அலாரத்துக்கு வேகம் எதற்கு? இந்த மனிதருக்கு என் சம்பளத்தைப் போல் மூன்று மடங்கு கொடுக்கிறார்கள் என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது.

"சார், த்ரெட்டுக்கும் கோரூட்டினுக்கும் என்ன வித்தியாசம்னு நீங்களே போர்டுல ஒருக்கா போட்டுக் காட்டுங்களேன். எங்களுக்கும் புரியும்ல."

எழுந்து போனார். பழைய கட்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்தார். அதன் பக்கத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே அம்புக்குறி. அம்புக்குறியை இன்னொரு முறை தடிமனாக்கினார்.

"பேஸிக்கலி ரெண்டும் சேம்தான். பட்..."

சர்க்யூட் வேலை பார்க்கும் அத்னான்தான் முதலில் சிரித்தான். பிறகு நான். சண்முகவேலே கையால் வாயை மூடிக்கொண்டார். குமரகுருவும் எங்களோடு சேர்ந்து சிரித்தது எனக்கு இன்னும் இளக்காரமாக இருந்தது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பதுகூடப் புரியவில்லை என்று நினைத்தேன். புரிந்திருக்கலாம். அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அலாரத்தைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது.

அதற்குப் பிறகு அவர் ஒரு புது வசதி எழுதினார். தினமும் காலை பதினொன்று ஐந்துக்கு அன்றைய முட்டை எண்ணிக்கை, தீவன அளவு, வெப்பம் எல்லாவற்றையும் தொகுத்துப் பண்ணைக்காரரின் போனுக்கு அனுப்ப வேண்டும். 'ஓனர் டெய்லி டைஜஸ்ட்' என்று பெயர் வைத்தார். பெயர் வைக்கவே இரண்டு கூட்டம் ஆனது. எழுதி முடித்து, நான் பார்த்து ஒப்புதல் தருவதற்காக அனுப்பினார்.

திறந்தேன். மேலே எட்டு வரிக்கு அவர் பெயர், பட்டம், காப்புரிமை. அதற்குக் கீழே டேட்டா ஒன்று, டேட்டா இரண்டு, டேட்டா இரண்டு ஃபைனல் என்று பெயர் வைத்த மாறிகள். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய வரிகளில் ஒட்டிய தடம்கூட அழிக்கப்படவில்லை. பதினைந்து வரிக்கு மேல் படிக்க எனக்குப் பிடிக்கவில்லை. இதையெல்லாம் படித்துத் திருத்தி அனுப்பினால், அந்த ஆளை ஒரு பொருட்டாக மதித்ததாக ஆகிவிடும் என்று தோன்றியது. கடகடவென்று கீழே தள்ளிக்கொண்டு போய், ஒப்புதல் பொத்தானை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அவர் இணையத்துக்கு அனுப்பப் பயன்படுத்தியிருந்தது, ஒதுங்கத் தெரியாத பழைய முறை. அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை அசையாமல் நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கலாம் என்ற வரம்பும் அவர் கொடுத்திருக்கவில்லை. அந்த முறையின் பெயர் பன்னிரண்டாவது வரியிலேயே இருந்தது. அந்த வரியை நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. என் கண் அதன் மேல் போயிற்று.

அலுவலக பிராட்பேண்டில் பதில் அரை விநாடிக்குள் வந்தது. அரை விநாடி லூப் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. சண்முகவேல் தன் போனில் டைஜஸ்ட் வந்ததைப் பார்த்து, "மாப்ள, கலக்கிட்டீங்க" என்றார். அந்த வாரமே நாற்பது பெட்டிகளுக்கும் புது நிரல் போனது.

மே மாதம் பதினாறாம் நாள், மதியம் ஒன்று இருபதுக்குச் சேந்தமங்கலத்திலிருந்து போன். பண்ணைக்காரர் சென்னியப்பன்.

"அம்மிணி, உடனே கெளம்பி வாங்க. கோழி பூராச் சாவுது."

சண்முகவேல் கார் எடுத்தார். நான் லேப்டாப்போடு ஏறிக்கொண்டேன். குமரகுரு பின்னால் தன் காரில் வருவதாகச் சொன்னார். ஏசி இல்லாத காரில் அவர் ஏறுவதில்லை.

கொல்லிமலை அடிவாரத்தில், பாறைச் சூடு முகத்தில் அடிக்கும் இடத்தில் அந்தப் பண்ணை. நாங்கள் போகும்போது ஷெட்டின் இரண்டு பக்கக் கதவுகளும் திறந்து கிடந்தன. பத்து ஃபேன்களும் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே வேலையாட்கள் கூண்டுகளில் கைவிட்டுச் செத்த கோழிகளை இழுத்து வண்டியில் போட்டார்கள். உயிரோடு இருந்தவை அலகைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. வழக்கமாக அந்த ஷெட்டுக்குள் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். அன்று ஃபேன் சத்தம் மட்டும்தான் இருந்தது.

ஷெட்டைக் கவனித்துக்கொள்ளும் ஜோதி நனைந்த சேலையோடு குழாயைப் பிடித்துக் கூரையில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குழாயைக் கீழே போடாமலே பேசினார்.

"பன்னெண்டு மணிக்கு வெளிய நின்னு பொட்டியப் பாத்தனுங்க. முப்பத்தொண்ணு புள்ளி ரெண்டுன்னு காட்டுச்சு. சரி, நல்லாத்தான் இருக்குதுன்னு முட்டை லோடு ஏத்தப் போயிட்டேன். ஒரு மணிக்கு வந்து பாத்தேன். அப்பவும் அதே முப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு. கதவத் தொறந்தா அடுப்புக்குள்ள மூஞ்சிய உட்டாப்பல இருக்குது. நாலு ஃபேனுதான் ஓடுது. தண்ணி மோட்டாரு ஓடல. பொட்டிய ஆஃப் பண்ணிப்போட்டு, கைச் சுச்சுல எல்லாத்தையும் போட்டுவிட்டனுங்க."

"ஷெட்டக் காப்பாத்துனது இந்தப் புள்ளதானுங்க" என்றார் சென்னியப்பன். வெள்ளைச் சட்டை முழுக்கக் கோழி இறகு ஒட்டியிருந்தது. "உங்க பொட்டிய நம்பியிருந்தா மிச்சமும் போயிருக்கும்."

நான் பெட்டியைத் திறந்து லேப்டாப்பைச் செருகினேன். நிரல் தான் செய்ததையெல்லாம் எழுதிவைக்கும் பதிவைப் பார்த்தேன். கடைசி வரி: பதினொன்று ஐந்து மூன்று விநாடி, டைஜஸ்ட் அனுப்பப்படுகிறது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. இணைப்பு கிடைத்து, அனுப்பி முடித்து, பதில் வருவதற்குள் அந்த மலையடிவாரத்து சிக்னல் போயிருக்கிறது. டைஜஸ்ட் பதிலுக்காக நின்றது. ஒரு மணிக்கு மேல் ஜோதி அணைக்கும் வரை, இரண்டு மணி நேரம் நின்றது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவ்வளவு கோழிகள் செத்துக் கிடந்த இடத்தில் எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. குமரகுருவின் வரி. குமரகுருவின் டைஜஸ்ட். இனி இந்த ஆள் பலகையில் கட்டம் வரைய முடியாது. நிரலின் வரலாற்றைத் திறந்து, அந்த வரி அவர் எழுதியதுதான் என்பதற்கு ஆதாரம் எடுக்கப் போனேன். எழுதியவர் குமரகுரு என்று இருந்தது. அடுத்த வரியில், பார்த்து ஒப்புதல் தந்தவர் கோகிலவாணி. தேதியும் நேரமும் இருந்தன. அவர் அனுப்பியதற்கும் நான் ஒப்புதல் தந்ததற்கும் இடையே நாற்பது விநாடி.

சரி, டைஜஸ்ட் நின்றது. ஃபேன்கள் பதினொரு மணிக்கு இருந்த நிலையிலேயே ஓடின, திரை பழைய எண்ணைக் காட்டிக்கொண்டே நின்றது. சூடு ஏறியபோது அலாரமாவது போன் போட்டிருக்க வேண்டாமா? போடவில்லை. அலாரமும் அதே லூப்பில்தான் இருந்தது. டைஜஸ்ட் ஒதுங்கட்டும் என்று மற்ற பத்தோடு அதுவும் காத்துக்கொண்டு நின்றது. அதை அங்கே வைத்தது குமரகுரு இல்லை. வேறு இடத்தில் வைக்கலாமே என்று கேட்டவர்தான் அவர்.

அதற்குள் அவர் வந்து சேர்ந்திருந்தார். மூக்கைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். சண்முகவேல் எங்கள் இருவரையும் தீவன மூட்டைகள் அடுக்கிய பக்கமாக ஒதுக்கிக்கொண்டு போனார்.

"என்ன ஆச்சு அம்மிணி?"

சொன்னேன். மூன்று வரியில் சொன்னேன்.

"இத இப்படியே அவருகிட்டச் சொல்ல முடியாது" என்றார் சண்முகவேல். "மத்த முப்பத்தொம்பது பண்ணைக்கும் சேதி போயிரும். வோல்டேஜ் எறங்கிப் பொட்டி ஹேங் ஆயிருச்சுன்னு சொல்லிருவோம். இந்தப் பக்கம் அது நடக்கறதுதான்."

"எக்ஸாக்ட்லி" என்றார் குமரகுரு. "பவர் குவாலிட்டி இஷ்யூ. நான் ஒரு ரிப்போர்ட் ரெடி பண்ணித் தர்றேன்."

தன் வரியால்தான் இத்தனையும் செத்தன என்பதை நான் சொல்லி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கைக்குட்டைக்கு மேலே தெரிந்த கண்கள், ரிப்போர்ட்டுக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தன. அந்தக் கண்களைப் பார்த்த பிறகு, அந்தப் பொய்யில் நானும் அவரோடு ஒரே வரிசையில் நிற்பது எனக்குத் தாங்கவில்லை. நேர்மை என்று அதைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். அவரோடு சேர்ந்து நிற்கக் கூசியது, அவ்வளவுதான்.

சென்னியப்பனிடம் நேராகப் போனேன். அவர்கள் இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

"கரண்ட்டுல ஒண்ணும் கோளாறு இல்லீங்க. எங்க நிரல்லதான் தப்பு. புதுசா சேத்த ஒரு வேலை, பதில் வராம நடுவுல நின்னுக்கிச்சு. அது நின்னதுல மத்த வேலையெல்லாம் சேந்து நின்னுபோச்சு. அத எழுதினது இவருங்க. படிக்காமயே சரின்னு உட்டது நானுங்க."

சண்முகவேல் பின்னால் "அம்மிணி" என்று தாழ்ந்த குரலில் அழைத்தார். சென்னியப்பன் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சூடு ஏறுனா எனக்குப் போன் போடும்னு சொன்னீங்களே. அது ஏன் போடல?"

"அதுவும் இதே பொட்டிதானுங்க. சேந்து நின்னுபோச்சு."

"ஏனுங்க அம்மிணி, பொட்டி நின்னுபோச்சுன்னு சொல்ற வேலையையும் அதே பொட்டிகிட்டயா குடுப்பாங்க?"

நான் சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்தேன்.

"இத்தனை படிச்சவிங்க இருக்கறீங்க. ஒருத்தருக்குமா இது தோணல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சண்முகவேல்கூட மறந்திருப்பார்.

"ஒருத்தருக்குத் தோணுச்சுங்க. அலாரத்தத் தனியா வெக்கலாமேன்னு கேட்டாரு. நான்தான் எல்லாரு முன்னாலயும் அவரப் பாத்துச் சிரிச்சு உட்டுட்டேன்."

"யாரு அவரு?"

குமரகுருவைக் காட்டினேன்.

"நானா?" என்றார் குமரகுரு. கைக்குட்டை இறங்கியது. "நான் எப்பச் சொன்னேன்?"

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. அந்த ஒரே நல்ல கேள்வியும் அவர் வாயிலிருந்து தற்செயலாக விழுந்ததுதான். விழுந்ததை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் சென்னியப்பனின் முகம் தன் பக்கம் திரும்புவதைப் பார்த்ததும் நிமிர்ந்துகொண்டார்.

"ஆமாமா. ஆக்சுவலி நான் ஃபர்ஸ்ட் டேலயே ஃப்ளாக் பண்ணேங்க."

சென்னியப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னையும் அதே மாதிரி பார்த்தார். இரண்டு பார்வைக்கும் வித்தியாசம் இருக்கவில்லை.

"வெளங்காமச் சொன்னவரு ஒருத்தரு. வெளங்கியும் சிரிச்சவிங்க ஒருத்தரு. உங்களை நம்பி முப்பதாயிரம் உசுர அடைச்சு வெச்சிருக்கறேன் பாருங்க, என்னையச் சொல்லோணும்." சட்டையிலிருந்து ஒரு இறகை எடுத்துப் போட்டார். "பொட்டியக் கழட்டிட்டுப் போங்க. ஜோதி கைச் சுச்சுலயே பாத்துக்கும்."

நானே ஸ்க்ரூட்ரைவர் வாங்கிக் கழற்றினேன். குமரகுரு காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செத்தவை ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் என்று மாலையில் ஜோதி போனில் சொன்னார். நான் கேட்கவில்லை. அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

மற்ற முப்பத்தொன்பது பெட்டிகளிலிருந்தும் டைஜஸ்டை அன்றே நீக்கினேன். அலாரத்தை லூப்பிலிருந்து வெளியே எடுத்து, அத்னான் செய்த சின்னத் தனி சர்க்யூட் பலகையில் வைத்தேன். அதற்குத் தனி சென்சார், தனி பேட்டரி, தனி சிம், காது கிழியும் சைரன். பெட்டியின் லூப் அந்தப் பலகைக்குப் பத்து விநாடிக்கு ஒரு முறை குரல் கொடுக்க வேண்டும். குரல் நின்றால், சூடு ஏறாவிட்டாலும் சைரன் அடிக்கும். இரண்டு வருடத்துக்கு முன்பே ஒரு வாரத்தில் செய்திருக்கக்கூடிய வேலை.

சண்முகவேல் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு மாதம் என்னோடு நேராகப் பேசவும் இல்லை. ஆடி மாதம் கோயம்புத்தூரில் கோழிப்பண்ணைக் கண்காட்சி நடந்தது. எங்கள் அரங்கில் குமரகுரு கோட்டுப் போட்டுக்கொண்டு நின்று, "டூயல் லேயர் சேஃப்டி, மை ப்ரெய்ன்சைல்ட்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று நோட்டீஸ் கொடுத்தேன். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அவர் இப்போதும் எழுதுகிறார், நான் பார்க்கிறேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பார்க்கிறேன். நானூறு வரி என்றால் அரை நாள் போகிறது. டேட்டா மூன்று, டேட்டா மூன்று நியூ என்று இன்னும் பெயர் வைக்கிறார். அவர்மேல் எனக்கு மரியாதை ஒன்றும் வந்துவிடவில்லை. படிக்கும் பழக்கம் மட்டும் வந்திருக்கிறது.

சென்னியப்பன் ஆவணியில் பெட்டியைத் திரும்ப மாட்டச் சொன்னார். கைச் சுவிட்சோடு நாள் முழுக்க ஒரு ஆளைக் கட்டிப்போட முடியவில்லை என்றார், வேறு காரணம் சொல்லவில்லை. மாட்டிய மறுநாள் காலை, எல்லாம் ஓடுகிறதா என்று பார்க்கப் போனேன். ஜோதி கையில் ஒரு சொம்பு வெந்நீரோடு ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க அது?"

"இருங்க" என்றார்.

தனிப் பலகையின் சென்சாரை ஒயரோடு கதவு இடுக்கு வழியாக வெளியே இழுத்துத் தொங்கவிட்டிருந்தார். சொம்பை அதற்கு அடியில் ஏந்திப் பிடித்தார். ஆவி பட்ட சில நொடிகளில் சைரன் அலறியது. சென்னியப்பனின் வீட்டுப் பக்கமிருந்து போன் அடிக்கும் சத்தமும் கேட்டது. சொம்பை விலக்கினார். சைரன் அடங்கியது.

"தினமும் இப்படிப் பாப்பீங்களா?"

"தினமும்தானுங்க. நீங்க எழுதிக் குடுத்த காயிதத்துல இது வேலை செய்யும்னு போட்டிருக்குது. போன பொட்டிக்கும் அப்படித்தான் போட்டிருந்தீங்க."

மிச்சமிருந்த வெந்நீரை வேலியோரமாக ஊற்றிவிட்டு, கதவைத் திறந்து, சென்சாரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். என்னைக் கூப்பிடவில்லை. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.